கதவைக் கழற்றினால் கண்ணாடி எங்கே போகும்?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் காஹாங் என்ற சிறிய பட்டணம் இருக்கிறது. எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போக விரும்புவோர் அங்கிருந்துதான் கம்போங் பெத்தாவுக்கு மண்சாலையில் திரும்புவார்கள். செம்பனைத் தோட்டங்களையும் காட்டையும் கடந்து போகும் அந்த வழிக்கு நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும். மழை பெய்துவிட்டால் சாதாரணக் கார் பாதி வழியில் படுத்துவிடும்.

நான்கு சக்கர இயக்க வண்டிகளில் ஜீப் ரேங்லருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதன் கதவுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படலாம். இது இன்றைய நாகரிகம் அல்ல. இரண்டாம் உலகப் போருக்காக 1941இல் உற்பத்தியான வில்லிஸ் ஜீப்புக்குக் கதவே கிடையாது. சிப்பாய் ஒரே தாவலில் ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதால் பக்கங்களைத் திறந்தே விட்டிருந்தார்கள். அதன் வழியில் வந்த ரேங்லர், கதவு வைத்துக்கொண்டாலும் கழற்றும் வசதியைக் கைவிடவில்லை. காட்டுப் பாதையில் அதற்குப் பயன் உண்டு. ஓட்டுநர் சற்றே வெளியே சாய்ந்தால், முன்சக்கரம் எந்தக் கல்லின்மேல் ஏறுகிறது, எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று நேரடியாகப் பார்த்துவிடலாம்.

ஆனால், கதவைத் தூக்கியதும் பக்கக் கண்ணாடியும் அதனுடன் போய்விடுகிறது. ரேங்லரின் பக்கக் கண்ணாடி கதவில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அப்படியானால் கண்ணாடிக்கு வேறு இடம் தேட வேண்டும். பலர் செய்வது இதுதான்: கதவு இருந்தபோது கீலின் முளை உட்கார்ந்திருந்த துளை இப்போது காலியாக இருக்கும், அதில் தண்டு உள்ள ஒரு கண்ணாடியைச் செருகுவார்கள். அல்லது முன்கண்ணாடிச் சட்டத்தின் அடியில் இருக்கும் கீலில் ஓர் இரும்புத் தகட்டைத் திருகி, அதில் கண்ணாடியைப் பொருத்துவார்கள். இரண்டிலும் கண்ணாடி பழைய இடத்தைவிடச் சிறிது முன்னே போகிறது. ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண்தான்.

ஒரு சாண் நகர்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த வாரப் பாடம். படிவம் 1 அறிவியலில் நீங்கள் படித்த ‘செர்மின் சாத்தா’, ‘செர்மின் செம்புங்’ இரண்டும், அதாவது சமதள ஆடியும் குவி ஆடியும், இங்கே வேலைக்கு வருகின்றன.

கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் 10 செ.மீ. என்று வைப்போம். தாளின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் ஓட்டுநரின் கண். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலப்பக்கக் கண்ணாடியை முதலில் பார்ப்போம். கதவில் இருந்தபோது அது கண்ணுக்கு 50 செ.மீ. முன்னாலும் 60 செ.மீ. வலப்புறமும் இருந்தது என்று கொள்வோம். கீலுக்கு மாற்றிய பிறகு 80 செ.மீ. முன்னால், அதே 60 செ.மீ. வலப்புறம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட அளவுகள். ஓட்டுநரின் உயரத்தையும் இருக்கையின் நிலையையும் பொறுத்து மாறும்.

பைதகோரஸ் தேற்றத்தைப் போட்டால், கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள தூரம் முன்பு 78 செ.மீ., இப்போது சரியாக 100 செ.மீ. கண் திரும்ப வேண்டிய கோணமோ குறைந்திருக்கிறது. நேர் முன்னே பார்க்கும் திசையிலிருந்து முன்பு 50 பாகை திரும்ப வேண்டியிருந்தது. இப்போது 37 பாகை போதும். இது ஒரு லாபம். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கும் நேரம் குறையும்.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கண்ணாடியைப் பழைய சாய்விலேயே கொண்டுபோய்ப் புது இடத்தில் திருகினால் என்ன தெரியும்? பின்னாலிருந்து வரும் ஒளிக்கதிர் கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்ப வேண்டும். படுகோணமும் பிரதிபலிப்புக் கோணமும் சமம் என்பதால், கண்ணாடியின் செங்குத்துக்கோடு அந்த இரண்டு கதிர்களுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பழைய இடத்தில் அது 50இல் பாதி, அதாவது 25 பாகை ஓட்டுநர் பக்கம் சாய்ந்திருந்தது. புது இடத்தில் 37இல் பாதியாக ஏறக்குறைய 18½ பாகை போதும். திருத்தாமல் விட்டால் கண்ணாடி 13 பாகை உள்நோக்கிக் காட்டும். உங்கள் வண்டியின் பின்னிருக்கையும் அதில் அமர்ந்திருக்கும் தம்பியும்தான் தெரிவார்கள், சாலை தெரியாது. பார்வை 13 பாகை மாற, கண்ணாடியை ஆறரை ஏழு பாகை திருப்பினால் போதும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் பிரதிபலித்த கதிர் இரண்டு பாகை திரும்பும் என்ற விதியை நினைவில் வையுங்கள். பின்னால் அது நம்மை மறுபடியும் வந்து கடிக்கும்.

இப்போது முக்கியமான கேள்வி: எவ்வளவு அகலம் தெரியும்? இதைப் ‘பார்வைப்புலம்’ என்பார்கள். கண்ணாடி ஒரு சன்னல் மாதிரி. சன்னலுக்கு அருகில் நின்றால் வெளியே நிறையத் தெரியும். பின்னே நகர நகரத் தெரியும் பகுதி குறுகும். சமதள ஆடிக்கும் இதே கதைதான்.

18 செ.மீ. அகலமுள்ள ஒரு சமதள ஆடியை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 20 மீட்டர் பின்னால் சாலையில் எவ்வளவு அகலம் தெரியும் என்று வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு கணக்கிடலாம். ஆடி சாய்ந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியும் அகலம் 18 அல்ல. அதைச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் பெருக்க வேண்டும். பழைய இடத்தில் 16.3 செ.மீ., புது இடத்தில் 17.1 செ.மீ. வருகிறது. இதை ஆடிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, பின்னால் உள்ள மொத்தத் தூரத்தால் பெருக்கினால், கதவில் இருந்தபோது 4.4 மீட்டர் அகலம் தெரிந்திருக்கிறது. கீலுக்குப் போன பிறகு 3.7 மீட்டர்.

70 செ.மீ. குறைந்தால் பெரிய நட்டமா? பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 46 இதற்கு அளவு வைத்திருக்கிறது. காரின் பக்கக் கண்ணாடியில், ஓட்டுநரின் கண்ணுக்கு 20 மீட்டர் பின்னாலிருந்து தொடங்கி, வண்டியின் பக்கத்தை ஒட்டிக் குறைந்தது 4 மீட்டர் அகலச் சாலை தெரிய வேண்டும் என்பது அந்த விதி. நம் சமதள ஆடி கதவில் இருந்தபோது தேறியது. முப்பது சென்டிமீட்டர் முன்னே போனதும் தோற்றுவிட்டது. கண்ணாடி உடையவும் இல்லை, சிறுக்கவும் இல்லை. இடம் மட்டும்தான் மாறியது.

கீல் துளையில் செருகுவதற்கென்று விற்கும் சில கண்ணாடிகள் வட்டமாக, சிறியதாக இருக்கும். 10 செ.மீ. அகலமுள்ள சமதள ஆடியை அந்தப் புது இடத்தில் வைத்தால் 2.1 மீட்டர்தான் தெரியும். ஒரு தடம்கூட முழுதாகத் தெரியாது. ஒற்றையடி மண்சாலையில் பின்னால் வரும் நண்பனின் வண்டியைப் பார்க்க அது போதும். லோரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஓடும் சாலைக்கு அதை நான் நம்பமாட்டேன்.

இனி குவி ஆடி. பல கார்களின் பக்கக் கண்ணாடி முழுச் சமதளமாக இருக்காது. நடுப்பகுதி இலேசாகப் புடைத்திருக்கும். எஃகு அளவுகோலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 18 செ.மீ. அகலக் கண்ணாடியின் வளைவு ஆரம் 140 செ.மீ. என்றால், ஓரங்களைவிட நடுப்பகுதி 3 மி.மீ. உயர்ந்திருக்கும். விதி எண் 46, காரின் பக்கக் கண்ணாடிக்கு 120 செ.மீ.க்குக் குறைந்த ஆரத்தை ஏற்பதில்லை. ஆரத்தில் பாதிதான் குவியத் தொலைவு. ஆக நம் ஆடிக்கு 70 செ.மீ.

குவி ஆடியில் பிம்பம் ஆடிக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் தோன்றும் என்பதற்கு எளிய வழி உண்டு. பொருளின் தூரத்தையும் குவியத் தொலைவையும் பெருக்குங்கள். அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள். படிவம் 4 இயற்பியலில் வரும் சூத்திரத்தைத்தான் இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். கண்ணையே பொருளாக வைத்து இதைச் செய்தால் பார்வைப்புலம் கிடைத்துவிடும். பழைய இடத்தில் 20 மீட்டர் பின்னால் 9.2 மீட்டர் அகலம், புது இடத்தில் 8.8 மீட்டர். இடம் மாற்றியதால் குவி ஆடி இழந்தது மிகக் கொஞ்சம். 4 மீட்டர் விதியை இரண்டு இடத்திலும் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் குவி ஆடி போட்டால் கதை முடிந்ததா? இல்லை. இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. அகலத்தை வாங்கிக்கொண்டு உருவத்தின் அளவை எடுத்துக்கொள்கிறது.

20 மீட்டர் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. ஓட்டுபவரின் தலை வரை உயரம் 1.5 மீட்டர் என்போம். மேலே சொன்ன வழியில் கணக்கிட்டால், அவருடைய பிம்பம் ஆடிக்குப் பின்னால் 68 செ.மீ. தூரத்தில், வெறும் 5 செ.மீ. உயரத்தில் தோன்றும். அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது, பிம்பத்துக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. ஆடி கதவில் இருந்தபோது, 43 மீட்டர் தூரத்தில் இருக்கும் மோட்டார் சைக்கிளை நேரடியாகப் பார்த்தால் எந்த அளவில் தெரியுமோ அந்த அளவில் தெரிந்தது. ஆடி கீலுக்குப் போனதும், ஏறக்குறைய 50 மீட்டர் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். உண்மையில் அவர் இருப்பது அதே 20 மீட்டரில்தான்.

இதை நேரமாக மாற்றிப் பாருங்கள். நம் ஜீப் மணிக்கு 60 கிலோமீட்டர், மோட்டார் சைக்கிள் 90 கிலோமீட்டர் வேகம். இரண்டுக்கும் இடையே உள்ள வேக வித்தியாசம் 30 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 8.3 மீட்டர். 50 மீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்று நம்பும் ஜீப் ஓட்டுநர், தமக்கு 6 விநாடி இருப்பதாக நினைத்துத் தடம் மாறுவார். உண்மையில் இருப்பது 2.4 விநாடி. அமெரிக்காவில், பயணி பக்கத்துக் குவி ஆடியில் ‘கண்ணாடியில் தெரியும் பொருள்கள், தோன்றுவதைவிட அருகில் உள்ளன’ என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டுநர் பக்கத்தில் அங்கே சமதள ஆடிதான் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அகலத்தைவிடச் சரியான தூர உணர்வை மேலாக மதித்திருக்கிறார்கள். ஐரோப்பா இரண்டு பக்கமும் குவி ஆடியை அனுமதிக்கிறது.

நம் நாட்டில் எதை மேலாக மதிப்பது? சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் அதிகமானவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஜொகூர் பாருவில் விடியற்காலையில் சிங்கப்பூர் பாலத்தை நோக்கி விரையும் பல்லாயிரம் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் அண்ணனோ அப்பாவோ அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். குறுகிய சமதள ஆடியில் அவர் தெரியாமலே போகலாம். குவி ஆடியில் தெரிவார், ஆனால் தூரத்தில் இருப்பதாகத் தெரிவார். தெரியாமல் போவதைவிடச் சிறிதாகத் தெரிவது மேல் என்பது என் கருத்து. சிறிதாகத் தெரிவதைப் பழக்கத்தால் சரிசெய்துகொள்ளலாம், கழுத்தைத் திருப்பி ஒருமுறை நேரில் பார்க்கலாம். தெரியாத ஒன்றைச் சரிசெய்ய ஏது வழி?

இன்னொரு தொல்லை அதிர்வு. கதவு ஒரு கனமான பெட்டி. அதில் பொருத்திய கண்ணாடி அதிகம் ஆடாது. ஒல்லியான தண்டின் நுனியில் நிற்கும் கண்ணாடி அப்படி அல்ல. எஞ்சினின் துடிப்பும் சாலையின் குலுக்கலும் தண்டின் இயல் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு ஏற்பட்டுக் கண்ணாடி பலமாக நடுங்கும். அந்த இரண்டு மடங்கு விதி இங்கேதான் கடிக்கிறது. கண்ணாடி ஒரே ஒரு பாகை ஆடினால், பார்க்கும் திசை இரண்டு பாகை ஆடும். 20 மீட்டர் பின்னால் அது 70 செ.மீ. ஒரு மோட்டார் சைக்கிளின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் வருகிறதா, தூசி பறக்கிறதா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

இந்தத் தொல்லை பின்பார்வைக் கண்ணாடியின் வரலாற்றிலேயே இருக்கிறது. கார்கள் திறந்த வண்டிகளாக இருந்த 1909இல், டோரத்தி லெவிட் என்ற ஆங்கிலப் பெண் ஓட்டுநர் தாம் எழுதிய நூலில், ஒரு கைக்கண்ணாடியை வண்டியில் வைத்துக்கொண்டு அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் பார்க்கும்படி பெண்களுக்கு யோசனை சொன்னார். 1911 மே 30ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. மற்ற ஓட்டுநர்கள் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல ஓர் உதவியாளரை ஏற்றிக்கொண்டார்கள். ரே ஹாரூன் மட்டும் தனியாக ஓட்டினார். ஆளுக்குப் பதிலாகத் தம் காரில் ஒரு கண்ணாடியைத் தண்டுகளின்மேல் பொருத்தியிருந்தார். பந்தயத்தில் வென்றதும் அவர்தான். ஆனால் செங்கல் பாவிய ஓடுதளத்தில் கண்ணாடி நடுங்கிய நடுக்கத்தில், அதில் ஒன்றும் உருப்படியாகத் தெரியவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆகவே தண்டு குட்டையாக, தடிப்பாக இருக்கட்டும். ஒரே இடத்தில் பிடிக்காமல் இரண்டு இடத்தில் பிடிக்கும் தகடு மேலானது. கீல் துளையில் வெறுமனே செருகிய கண்ணாடியைக் காற்றே திருப்பிவிடும். அடியில் நட்டுப் போட்டு இறுக்க வேண்டும்.

வண்டியை வடிவமைப்பவர்கள் இதை ஆரம்பத்திலேயே யோசித்தால் இத்தனை சிரமமும் இல்லை. 2021இல் திரும்ப வந்த ஃபோர்டு புரோன்கோவும் கதவுகளைக் கழற்றக்கூடிய வண்டிதான். அதன் பக்கக் கண்ணாடிகளைக் கதவில் வைக்காமல், முன்கண்ணாடிக்குக் கீழே வண்டியின் உடலிலேயே பொருத்தியிருக்கிறார்கள். கதவு போனாலும் கண்ணாடி இருந்த இடத்தில் இருக்கும். கண்ணாடி முன்னே தள்ளி இருப்பது புதிதும் அல்ல. ஜப்பானில் 1983 வரை கண்ணாடியை எஞ்சின் மூடியின் பக்கத்தில், முன்சக்கரத்துக்கு மேலே வைக்க வேண்டும் என்றே விதி இருந்தது. பழைய ஜப்பானிய டாக்சிப் படங்களில் பூச்சியின் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை அவைதாம். அவ்வளவு தூரத்தில் இருந்தால் கண் மிகக் குறைவாகத் திரும்பினால் போதும். பிம்பமோ இன்னும் சிறுக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ரேங்லரின் கையேடே, கதவைக் கழற்றுவது காட்டுப் பாதைக்கு மட்டும் என்று எச்சரிக்கிறது. பக்கவாட்டில் மோதினால் காப்பது கதவுதான். நம் நாட்டில் வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதி வேண்டும். மண்சாலை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்துக்கு முன்பே கதவும் கண்ணாடியும் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஜீப் தேவையில்லை. பள்ளி நடைவழி போதும். 18 செ.மீ. அகலமுள்ள ஒரு சமதளக் கண்ணாடி, ஒரு நாற்காலி, அளவு நாடா, சுண்ணக்கட்டி, இரண்டு நண்பர்கள். நாற்காலியில் அமர்ந்து, கண்ணிலிருந்து 50 செ.மீ. முன்னால், 60 செ.மீ. வலப்புறத்தில் கண்ணாடியை ஒரு மேசையின்மேல் நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து கணக்கைக் குழப்பும். உங்களுக்கு 6 மீட்டர் பின்னால் நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் நகரட்டும். கண்ணாடியின் ஓரத்தில் அவர்கள் மறையும் இடங்களைத் தரையில் குறித்து இடைவெளியை அளந்தால் ஒன்றரை மீட்டர் அளவில் வர வேண்டும். பிறகு கண்ணாடியை 80 செ.மீ. முன்னுக்கு நகர்த்தி, சாய்வைத் திருத்திக்கொண்டு மறுபடி அளவுங்கள். 1.3 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். காரில் ஒட்டுவதற்கென்று துணைப்பொருள் கடைகளில் விற்கும் சிறிய வட்டக் குவி ஆடியையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதன் வளைவு அதிகம். நண்பர்கள் நடைவழியின் சுவரில் முட்டினாலும் அதைவிட்டு மறையமாட்டார்கள்; எறும்பு மாதிரி தெரிவார்கள்.

ஒரு கணக்கு உங்களுக்கு. இடப்பக்கக் கண்ணாடி கதவில் இருந்தபோது கண்ணுக்கு 50 செ.மீ. முன்னால், 120 செ.மீ. இடப்புறம் இருந்தது. அதையும் 80 செ.மீ. முன்னுக்கு மாற்றுகிறோம். அதே 18 செ.மீ. சமதள ஆடி என்றால், 20 மீட்டர் பின்னால் தெரியும் அகலம் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு? முதல் முக்கோணத்தின் கர்ணம் 130 செ.மீ. என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கத்தில் நடந்தது போல இங்கே நடக்காது. ஏன் என்பதைத் தூரத்தில் மட்டும் தேடாதீர்கள், ஆடியின் சாய்விலும் தேடுங்கள். அமெரிக்கச் சட்டம் பயணி பக்கத்தில் மட்டும் ஏன் குவி ஆடியை அனுமதித்தது என்பதும் அந்த விடையிலேயே கிடைக்கும்.